எட்டு வினாடிக் கவனமும் தங்கமீனும்

"செல்போனால் மனிதனின் கவனம் 12 வினாடியிலிருந்து 8 ஆகக் குறைந்துவிட்டது, தங்கமீனுக்கே 9 வினாடி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2015-இல் மைக்ரோசாஃப்டின் கனடா கிளை விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட அறிக்கைதான் இதைப் பரப்பியது. ஆனால் இந்த எண்கள் அவர்கள் அளந்தவை அல்ல. ஸ்டாட்டிஸ்டிக் பிரெய்ன் என்ற இணையதளத்திலிருந்து எடுத்தவை. 2017-இல் பிபிசி அந்தத் தளம் காட்டிய ஆதாரங்களைத் தேடிப் போனது. அப்படியோர் ஆய்வே அங்கே கிடைக்கவில்லை.

பாவம், அந்த மீனுக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. 1960-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் அக்ரனாஃப் நினைவாற்றலை ஆராயத் தேர்ந்தெடுத்ததே தங்கமீனைத்தான். விளக்கு எரிந்ததும் தொட்டியின் மறுபக்கம் நீந்த அவை கற்றன. கற்றதை நாள்கணக்கில் மறக்கவில்லை.

சரி, நம் கவனத்தில் மாற்றமே இல்லையா? இருக்கிறது. கணினியில் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை நேரத்தில் தாவுகிறோம் என்று ஆய்வாளர் குளோரியா மார்க் அளந்தார். 2004-இல் சராசரியாக இரண்டரை நிமிடம். பிந்தைய ஆண்டுகளில் சுமார் 47 வினாடி. ஆனால் அது நாம் தாவும் பழக்கத்தின் அளவு, மூளையின் திறனுக்கு வரம்பு அல்ல. அப்படித் தாவும் அதே ஆள்தான் மூன்று மணி நேரப் படத்தை அசையாமல் பார்க்கிறார். பிள்ளைகளிடம் "உன் மூளை மீனைவிட மோசம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.