அவிழ்த்துவிட்ட இடம்

தென்னாப்பிரிக்காவில், நியூகாசிலிலிருந்து வடக்கே ஃபோல்க்ஸ்ரஸ்ட் போகும் சாலையில், லேங்ஸ் நெக் கணவாய் ஏறும்போது இடப்பக்கம் மஜூபா மலை தெரியும். 1881-இல் பிரித்தானியப் படையும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களும் மோதிக்கொண்ட இடம் அது. நினைவுக்கல், கல்லறை, வழிகாட்டிப் பலகை எல்லாம் அங்கே உண்டு. அதில் எனக்குக் குறையில்லை. செத்தவனுக்குக் கல் நடுவது நம் ஆட்களுக்கும் பழக்கம்தான். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு எத்தனை நடுகற்கள் நட்டிருக்கிறோம்!

ஆனால் போர் அங்கே நடந்தது சில நாட்கள். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சரக்கு ஏற்றிய மாட்டு வண்டிகள் அந்த ஏற்றத்தில் மூச்சுவாங்கியது பல பத்தாண்டுகள். அதற்கு ஒரு கல்கூட இல்லை.

அந்த வண்டிகளை நம்மூர்க் கூட்டுவண்டி போல நினைக்க வேண்டாம். ஒரு வண்டிக்குப் பெரும்பாலும் 16 மாடுகள், எட்டு நுகத்தடி. முன்னால் ஒரு பையன் வடத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பான்; 'ஃபூர்லோப்பர்' என்பார்கள், முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம். அவன் நாள் முழுக்க நடந்தே போக வேண்டும். வண்டிக்காரன் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய நீளச் சாட்டையோடு பக்கத்தில் வருவான். ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் உண்டு, பெயர் சொல்லித்தான் அதட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் இருக்கும் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் காலம் முடித்து, வடக்கே வந்து ஒரு பண்ணையில் மாடு ஓட்டியவர். "வீட்டில் தமிழ், சந்தையில் இங்கிலீஷ், மாட்டிடம் மட்டும் சூலுவும் டச்சும்தான் தம்பி. தமிழில் சொன்னால் அதுகளுக்கு விளங்காது" என்று சிரிப்பார். அந்த ஜோடிகளில் சோம்பேறி மாடு ஒன்றுக்குப் பெயர் 'இங்கிலீஷ்காரன்' என்றும் சொல்வார். யார் வைத்த பெயர் என்று கேட்கத் தேவையில்லை.

இருப்புப்பாதை 1891-இல் எல்லையோர ஊரான சார்ல்ஸ்டவுன் வரை வந்துவிட்டது. பிறகு 1896, 97-இல் வெக்கை நோய். ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் தொடங்கித் தெற்கே இறங்கிய அந்த நோயில், பல இடங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மாடுகள் மடிந்தன. வழி நெடுக வண்டிகள் மாடில்லாமல் நின்றன. தப்பிப் பிழைத்த தடங்களைப் பின்னால் வந்த முள்கம்பி வேலிகள் மறித்தன.

தாத்தா ஒருநாள் என்னை ஊருக்கு வெளியே கூட்டிப்போய் ஓர் ஊற்றையும் சில யூகலிப்டஸ் மரங்களையும் காட்டினார். வண்டிகள் அவிழ்த்துவிட்ட இடம். 'அவுட்ஸ்பான்' என்பது இந்த நாட்டுச் சொல். ஆரஞ்சுப் பழத்தில் ஒட்டி வந்த பெயரும் இதுவே. நுகத்திலிருந்து மாட்டைக் கழற்றி மேய விடும் இடம். இந்த நாட்டில் பழைய நிலப் பத்திரங்கள் பலவற்றில், வழிப்போக்கர் மாடு மேயவும் நீர் குடிக்கவும் நிலச் சொந்தக்காரர் இடம் விட வேண்டும் என்ற நிபந்தனையே இருக்கும். நம் ஊரில் வண்டிப்பேட்டை, மந்தைவெளி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சிக் கல் எல்லாம் இதே அறம்தான்.

இப்போது அந்த ஊற்றைச் சுற்றிக் கம்பி. கிடங்கு கட்டப் போகிறார்களாம். ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அங்கே கட்டடம் எதுவும் இல்லையே, எதைப் பாதுகாப்பது?" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் மரபுவளச் சட்டப்படி 60 ஆண்டு கடந்த கட்டடத்தை அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது. மிதித்து மிதித்து உண்டான தடத்துக்குச் சுவர் ஏது? ஆனால் அதே சட்டம் வாய்மொழி மரபு ஒட்டியிருக்கும் இடங்களையும் நாட்டின் மரபுச் செல்வமாகக் கணக்கில் எடுக்கிறது. அந்த வரியை எடுத்துக் காட்டத்தான் ஆளில்லை.

அமெரிக்காவில், டெக்சாஸிலிருந்து கான்சஸுக்கு மந்தை ஓட்டிய சிஸம் பாதையைத் தேசிய வரலாற்றுப் பாதையாக்கலாமா என்று ஆராய 2009-இல் சட்டமே இயற்றினார்கள். ஸ்பெயின் இன்னும் ஒரு படி மேல். அங்கே மந்தைப் பாதைகள் பொதுச்சொத்து என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய பாதைகளின் அகலம் 75 மீட்டர் வரை. இலையுதிர் காலத்தில் மாட்ரிட் நகரத் தெருவிலேயே ஆடுகளை ஓட்டிப் போய்த் தங்கள் வழியுரிமையைக் காட்டுகிறார்கள்.

இங்கே பாதை முழுவதையும் மீட்கலாம் என்று நான் கனவு காணவில்லை. பாதி தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்டது. அவிழ்த்துவிட்ட இடங்களையாவது குறியுங்கள் என்கிறேன். தண்ணீரும் நிழலும் இருந்த இடத்தில்தான் வண்டி நின்றது, ஆள் சமைத்தான், செய்தி கைமாறியது.

"அது போயர்களின் கதை, நமக்கென்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். 1938-இல் கேப் டவுனிலிருந்து பிரிட்டோரியாவுக்கு மாட்டு வண்டிகளை ஊர்வலமாக ஓட்டி, அந்த வண்டியைத் தங்கள் இனத்தின் சின்னமாக ஆக்கிக்கொண்டார்கள் என்பது உண்மை. பிரிட்டோரியா நினைவு மண்டபத்தின் சுற்றுச்சுவரில் 64 வண்டிகள் செதுக்கியிருக்கின்றன. சாட்டை பிடித்தவனும் வடம் பிடித்தவனும் பெரும்பாலும் கறுப்பர்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. நம்மவர் காலும் அதே மண்ணில் பட்டதுதான். 1913 நவம்பர் 6-இல் காந்தி தலைமையில் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை தாண்டிய அணிவகுப்பில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். நியூகாசில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களை விட்டு வெளியேறி, லேங்ஸ் நெக் கணவாய் வழியாக ஏறி வந்த தமிழர்கள் அதில் ஏராளம். மாடு ஏறிய மேடு அது.

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு மறுபடி அங்கே போனேன். கம்பி ஓரிடத்தில் அறுந்திருந்தது. ஒரு சூலுப் பையன் நான்கு மாடுகளோடு உள்ளே நின்றான். எங்களைக் கண்டதும் பயந்து, இடம் உங்களுடையதா என்று கேட்டான். தாத்தா சூலுவில் ஏதோ சொன்னார். பையன் சிரித்துவிட்டு, மாடுகள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றான்.