ஜப்பானில் ஒரு வகுப்புக்கு 16 மாணவர்களா?

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் சுமார் 16 மாணவர்களே படிப்பதாகச் சமூக ஊடகங்களில் பரவும் செய்தி தவறானது. அந்த எண் மாணவர்–ஆசிரியர் விகிதத்தைக் குறிக்கிறது. மொத்த மாணவர் எண்ணிக்கையை மொத்த ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பெறப்படும் இவ்விகிதத்தில், வகுப்புப் பொறுப்பு இல்லாத பாட ஆசிரியர்களும் சேர்வதால், அது வகுப்பறையில் அமர்ந்திருப்போரின் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே அமையும். அங்கு ஒரு தொடக்க வகுப்பின் சராசரி அளவு ஏறத்தாழ 27. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் அடங்கிய பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (OECD) நாடுகளில் அது சுமார் 21 என்பதால், ஜப்பானின் வகுப்புகள் பெரியவையே. தொடக்க வகுப்புகளின் உச்சவரம்பை 40-இலிருந்து 35-ஆகப் படிப்படியாகக் குறைக்கும் சட்டத் திருத்தமே 2021-இல்தான் நிறைவேறியது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலைக்குக் கூறும் 30:1 என்பதும் விகிதமே (இதையும் பலர் வகுப்பளவு என்றே எழுதுகின்றனர்).