டெக்ஸா எல்லாருக்கும் நல்லதுன்னு ஆக்ஸ்ஃபோர்ட் சொல்லல

மேல ஒரு அண்ணன் "டெக்ஸாமெத்தசோன் போட்டா கோவிட் யாருக்கும் சாவு வராதுன்னு ஆக்ஸ்ஃபோர்ட் ப்ரூவ் பண்ணுச்சு, டாக்டருங்க மறைச்சிட்டாங்க"ன்னு போட்டிருக்கார். பாதி நிஜம்தான், மீதிப் பாதி ஆபத்து ண்ணா. டெக்ஸான்னா இந்த டெக்ஸாமெத்தசோன்தான், ஒரு ஸ்டீராய்டு மருந்து.

அவர் சொல்றது ரெக்கவரின்னு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்தின மருந்து சோதனை (ட்ரயல்), 2020 மார்ச்ல ஆரம்பிச்சது. அவங்க பெரிய லேப் வேலை எதுவும் பண்ணல, இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகள்ல அட்மிட் ஆனவங்கள்ல சம்மதிச்சவங்களை கம்ப்யூட்டர்ல குலுக்கல் மாதிரி பிரிச்சு, 2,104 பேருக்கு தினம் 6 மில்லிகிராம் டெக்ஸா, அதிகபட்சம் 10 நாள், 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், அப்புறம் 28 நாள்ல யார் உயிரோட இருக்காங்கன்னு எண்ணிப் பார்த்தாங்க, அவ்ளோதான். வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல டெக்ஸா இல்லாம 41.4% பேர் இறந்தாங்க, டெக்ஸாவோட 29.3%. வெறும் ஆக்ஸிஜன்ல இருந்தவங்கள்ல டெக்ஸா இல்லாம 26.2%, டெக்ஸாவோட 23.3%.

இப்ப நீங்க விட்ட வரி இதுதான்: ஆக்ஸிஜனே தேவைப்படாதவங்கள்ல டெக்ஸா இல்லாம 14%, டெக்ஸாவோட 17.8%. பிரயோஜனம் இல்ல, கெடுதலா இருக்கவும் வாய்ப்பு (ஸ்டீராய்டு உடம்போட எதிர்ப்பு சக்தியை அமுக்கும்ல, சுகர் வேற ஏத்தும்). 2021ல நம்ம ஊர்ல காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே வாட்ஸ்அப் பார்த்து மெடிக்கல்ல வாங்கி முழுங்கினவங்க எத்தனை பேர், அப்புறம் வந்த கருப்பு பூஞ்சைக்கு கண்டபடி ஸ்டீராய்டு எடுத்ததும் ஒரு காரணம்.

மறைச்சாங்கன்றதும் தப்பு ண்ணா. 2020 ஜூன் 16 ரிசல்ட் சொன்னாங்க, அன்னிக்கே இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி கொடுத்தாச்சு.