“இனிமே இந்த வீட்டுக்குப் பெரிய மனுஷன் நீதான்டா”

விவாகரத்துக்குப் பிறகு அம்மாவோடு இருக்கும் பதினோரு வயதுப் பையனிடம் உறவுக்காரர்கள் பாசமாகச் சொல்லும் வார்த்தை இது. தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்பா போன இடம் காலியாக இருப்பதைவிட, அந்த இடத்தில் பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பதுதான் அந்த வீட்டை அதிகமாக ஆட்டிவைக்கிறது.

மனநல மருத்துவர் சால்வடோர் மினுச்சின் 1960களில் நியூயார்க்கில் ஏழைக் குடும்பத்துப் பையன்களோடு வேலை செய்து உருவாக்கிய, வீட்டில் யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கும் கட்டமைப்புக் குடும்ப சிகிச்சையில் இதற்கு ஒரு எளிய படம் உண்டு. தாளின் குறுக்கே ஒரு கோடு. மேலே முடிவெடுப்பவர்கள், கீழே பிள்ளைகள். கோடு சிறு சிறு துண்டுகளாக இருந்தால் எல்லை தெளிவாக இருக்கிறது. வெறும் புள்ளிகளாக இருந்தால் எல்லாம் எல்லோருக்கும் கசிகிறது. முழுக்கோடு என்றால் ஒருவரை ஒருவர் எட்டவே முடியாது. உங்கள் வீட்டுக்கு இதை வரைந்து பாருங்கள். கடன் தவணை எப்போது என்று மூத்த பிள்ளைக்குத் தெரியுமா? ராத்திரி நீங்கள் அழுதால் எழுந்து வருவது அவன்தானா? அப்படியென்றால் அவன் பெயர் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது.

இதைப் புரிந்துகொண்டதும் பலர் செய்யும் தவறு, பொறுப்பையெல்லாம் ஒரே நாளில் பிடுங்கிவிடுவது. பையன் முகம் செத்துவிடும். அந்தப் பொறுப்புதானே வீட்டில் அவனுக்கு இருந்த மரியாதை. பெற்றவர் ஒருவரே சம்பாதித்து வளர்க்கும் வீட்டில் மூத்த பிள்ளை கைகொடுப்பது இயல்பு என்றுதான் மினுச்சினும் சொன்னார். எதுவரை என்று சொல்லாமல் விடுவதும், பெரியவர் கையைக் கழுவிவிடுவதும்தான் சிக்கல்.

அதனால் எல்லையை இரண்டு பிள்ளைகளும் கேட்கும்படி சொல்லுங்கள்: “5 மணியிலிருந்து நான் வர்ற 7 மணி வரைக்கும் தங்கச்சியைப் பார்த்துக்கோ. அடிக்கக் கூடாது, தண்டனை கொடுக்கக் கூடாது. சண்டை வந்தா எனக்கு போன் பண்ணு.” 7 மணிக்கு உள்ளே வந்ததும், “வந்துட்டேன், இனி நான் பார்த்துக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பொறுப்பைத் திருப்பி வாங்கும் அந்த வாக்கியத்தை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பணக்கவலையைக் கேட்க அக்காவோ, தோழியோ, யாராவது ஒரு பெரியவர் வேண்டும்.

அடுத்தது தூது. இருவருக்கு நடுவே பதற்றம் ஏறினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துச் சமாளிப்பார்கள் என்பது குடும்ப சிகிச்சையின் இன்னொரு முன்னோடி மர்ரே போவன் சொன்ன முக்கோணம். விவாகரத்து ஆனாலும் இந்த முக்கோணம் தானாகக் கலைவதில்லை. “உங்க அப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு” என்று பிள்ளையிடம் சொல்லும்போது, அங்கே விழும் எரிச்சலான பதிலைத் தாங்குவதும் பிள்ளைதான். நேராக எழுதி அனுப்புங்கள்; ஒரு செய்தியில் ஒரே விஷயம்: “பள்ளிக் கட்டணத்துக்கு 10ஆம் தேதி கடைசி நாள். பாதி நீங்கள் கட்டுவதாகப் பேசியிருந்தோம். கட்டியதும் ரசீது அனுப்புங்கள்.” பழைய கணக்கு ஒரு சொல்கூட அதில் வரக் கூடாது.

அடி உதை, மிரட்டல் இருந்த உறவுக்கு இது பொருந்தாது. அங்கே வக்கீல் வழியாகவோ நம்பிக்கையான மூன்றாவது பெரியவர் வழியாகவோதான் பேச்சு. வன்முறைக்கு இருவரும் பாதிப் பொறுப்பு என்று எந்தக் கோட்பாட்டைக் காட்டி யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

அப்பா வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிறு மாலை திரும்பும் பிள்ளை செருப்பைக் கழற்றும் முன்பே “அங்கே யார் வந்தாங்க?” என்று கேட்பதையும் நிறுத்த வேண்டும். அங்கே சிரித்ததே உங்களுக்குச் செய்த துரோகம் என்று அது உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கலாம். ஒருவர் பக்கம் நின்றால் மற்றவருக்குத் துரோகம் என்று பிள்ளை தவிக்கும் இதைத்தான் குடும்ப சிகிச்சையாளர் இவான் பொசோர்மெனி-நாஜி விசுவாசச் சிக்கல் என்று பேசினார். முதல் அரை மணி நேரம் எந்தக் கேள்வியும் வேண்டாம். அது எரிந்து விழுந்தால் ‘அங்கே கெடுத்து அனுப்பிட்டாங்க’ என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வீடு மாறி வருவதே பிள்ளைக்கு அலுப்பான வேலை. தானாக வாயைத் திறந்தால் கேளுங்கள், “நல்லா இருந்துச்சா, சந்தோஷம்” என்பது போதும்.

பாட்டி கூட இருந்தால் இன்னொரு பேச்சும் தேவை. “அம்மா கிடக்கா, நான் தர்றேன்” என்று பாட்டி போனை எடுத்து நீட்டினால், அம்மா பிள்ளைகளுக்கு அக்கா ஆகிவிடுகிறாள். பள்ளி, போன், தூங்கும் நேரம் மூன்றும் அம்மா முடிவு என்று பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புது எல்லை போட்ட முதல் சில வாரம் மூத்தவன் முறைப்பான். “இத்தனை நாள் நான்தானே பார்த்தேன்?” என்பான். “ஆமா, நீதான் பார்த்த. இனி நான் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அவனை விளையாட அனுப்புங்கள்.