"ரத்தம் இல்லாமல்" என்றுதான் ஆரம்பித்தார்கள்

என் பெரியப்பா எழுபதுகளில் எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து நிறைய பேர் அங்கே பள்ளிக்கூட வேலைக்குப் போனார்கள். அந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி, குளிர், இஞ்சேரா என்கிற புளித்த மாவுத் தோசை என்று ஓயாமல் பேசுவார். 1977 பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே வரி: "ரோட்டைப் பாக்காம நடக்கப் பழகிட்டோம்."

மன்னரை விரட்டிய புரட்சி எப்படிக் கொலைக்களமாகிறது என்று பேச்சு வந்தால் எல்லோரும் பிரெஞ்சுப் புரட்சிக்கும், பாரீஸில் தலை வெட்டிய கில்லட்டினுக்கும் போய்விடுகிறார்கள். கூடவே "புரட்சி தன் பிள்ளைகளையே தின்னும்" என்று ஒரு வசனம். எனக்கு அந்த வசனமே பிடிக்காது. புரட்சி என்ன பேயா, பிசாசா? ஆட்கள் இருக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், கை தூக்குகிறார்கள், தாளில் பெயர் எழுதுகிறார்கள். பிசாசு தின்றது என்று சொல்லிவிட்டால் பெயர் எழுதியவன் தப்பித்துக்கொள்கிறான்.

மன்னர் ஹெய்லி செலாசிக்கு எதிராக எத்தியோப்பிய மக்கள் கொதித்ததில் நியாயம் இல்லையா என்றால், நூறு சதம் நியாயம் இருந்தது. 1973-ல் வொல்லோ மாகாணத்தில் பஞ்சம். பல்லாயிரம் பேர் செத்தார்கள், அரசாங்கம் அதை மூடி மறைக்கப் பார்த்தது. தெற்கே குத்தகை விவசாயி விளைச்சலில் பாதியை, சில இடங்களில் அதற்கும் மேலே, நிலக்காரனுக்கு அளந்து கொட்ட வேண்டும். 1974 பிப்ரவரியில் பெட்ரோல் விலை ஏறியதும் தலைநகர் அடிஸ் அபாபாவின் டாக்ஸி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள், ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பத்து வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த கோஷம், "உழுபவனுக்கே நிலம்". அதற்கு முந்தைய மாதமே, கெட்டுப்போன சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் எதிராக எல்லை முகாம் ஒன்றில் சிப்பாய்கள் கலகம் செய்திருந்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் மாணவர்களிடம் கோஷம் இருந்தது, தொழிலாளிகளிடம் சங்கம் இருந்தது. துப்பாக்கி இருந்தது பட்டாளத்திடம் மட்டும். ஜூன் மாதம் படைப்பிரிவுகளிலிருந்து சுமார் 120 பேர் ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தார்கள். மேஜர் பதவிக்கு மேல் யாரும் இல்லை. பெயர் டெர்க். "குழு" என்றுதான் அதற்கு அர்த்தம்.

செப்டம்பர் 11 இரவு, பிரிட்டிஷ் செய்தியாளர் ஒருவர் எடுத்த பஞ்சப் படத்தை அரண்மனை விருந்துக் காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டி டிவியில் ஓட்டினார்கள். மறுநாள் காலை எண்பது வயது தாண்டிய மன்னரை ஒரு வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவில் "திருடன், திருடன்" என்று சத்தம். அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு குண்டு வெடிக்கவில்லை. அப்போது எல்லோர் வாயிலும் இருந்த முழக்கமே "எத்தியோப்பியாவுக்கே முதலிடம், ரத்தமே இல்லாமல்" என்பதுதான்.

அந்த முழக்கத்துக்கு ஆயுசு பத்து வாரம்.

நவம்பர் 23, சனிக்கிழமை இரவு. சிறையில் இருந்த பழைய அமைச்சர்கள், ஜெனரல்கள், பிரபுக்கள் என்று சுமார் 60 பேரைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். முன்னாள் பிரதமர்களே இரண்டு பேர், மன்னரின் பேரன் ஒருவர். டெர்க்கின் தலைவராக இருந்த ஜெனரல் அமான் அன்டோமையும் விடவில்லை. தனிநாடு கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்த எரித்திரியாவோடு பேசித் தீர்க்கலாம் என்றவர் அவர். அதே இரவில் அவருடைய வீட்டைச் சுற்றி வளைத்தார்கள், சண்டையில் செத்தார். இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பஞ்சத்தை மறைத்ததற்கும் ஊழலுக்கும் யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணை ஆணையம் அப்போது உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருந்தது. விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆட்களையே தூக்கிக்கொண்டு போய்ச் சுட்டுவிட்டார்கள்.

செத்தவர்களில் நல்லவர்கள் குறைவாகவே இருந்திருக்கலாம். சரி, இருக்கட்டும். பட்டினியில் பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் போய் அமைச்சருக்காக அழு என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் என் கட்சி இதுதான்: வாசல் திறந்தது அன்றைக்கு. விசாரணை முடியும் வரைக்கும் பொறுக்க வேண்டாம், குழு கூடி முடிவெடுத்தால் போதும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யார் பெயர் அந்தத் தாளில் வரும் என்கிற கேள்விதான்.

நடுவில் நல்லதும் நடந்தது, மறைப்பானேன். 1975 மார்ச்சில் கிராம நிலம் முழுவதையும் பொதுவாக்கினார்கள், குத்தகைமுறை ஒழிந்தது. தலைநகரமே திரண்டு கொண்டாடியது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 60,000 பேரைச் சீர்திருத்தத்தை விளக்கவும் எழுத்துச் சொல்லித்தரவும் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் நகரத்து நிலமும் வாடகை வீடுகளும் அரசுடைமை. அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்ள வட்டாரத்துக்கு வட்டாரம் ஒரு சங்கம் வைத்தார்கள். பெயர் கெபெலே. வாடகை வசூல், பங்கீட்டுச் சாமான், சின்னச் சின்ன வழக்கு எல்லாம் அங்கேதான். நம் ஊர் வார்டு ஆபீஸும் ரேஷன் கடையும் ஒரே கூரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆபீஸுக்கு எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தப் பையன் காலேஜ் போகிறான், யார் ராத்திரி தாமதமாக வருகிறான் என்பதெல்லாம் தெரியும். இரண்டே வருஷத்தில் அதன் கையில் துப்பாக்கியும் சிறை அறையும் வந்து சேர்ந்தன.

யாரைப் பிடிக்க? அந்தக் கோஷம் போட்ட பிள்ளைகளைத்தான். ராணுவம் போய் மக்கள் அரசாங்கம் வரட்டும் என்று கேட்டவர்கள் எத்தியோப்பிய மக்கள் புரட்சிக் கட்சியின் பக்கம் திரண்டார்கள். அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1976 செப்டம்பரில் டெர்க்கின் முக்கியப் புள்ளி மெங்கிஸ்துவைச் சுடப் பார்த்தார்கள், டெர்க்கோடு ஒட்டியவர்களைத் தெருவில் கொன்றார்கள். முதல் குண்டு யாருடையது என்று அங்கே இன்னமும் சண்டை நடக்கிறது. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. அந்த அறுபது பேரைச் சுட்டது அதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னால்.

1977 பிப்ரவரி 3-ல் மெங்கிஸ்து ஹெய்லி மரியம், டெர்க்கின் அப்போதைய தலைவர் தெஃபெரி பன்டேயையும் கூட இருந்த சிலரையும் கொன்று மேலே வந்தார். ஏப்ரல் 17-ல் அடிஸ் அபாபாவின் பெரிய சதுக்கத்தில் கூட்டம். மேடையில் நின்றுகொண்டு, சிவப்புத் திரவம் நிரப்பிய பாட்டில்களைத் தரையில் போட்டு உடைத்தார். எதிரிகளின் ரத்தம் இப்படி ஓடும் என்று காட்டினார். செந்நிறப் பயங்கரம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

"சோமாலியா படையெடுத்தது, நாடு ஆபத்தில் இருந்தது, வேறு வழியில்லை" என்று வக்காலத்து வாங்குகிறவர்களை இன்றும் பார்க்கலாம். காலண்டரைப் பாருங்கள் ஐயா. சோமாலியா பெரும்படையோடு உள்ளே வந்தது ஜூலையில். பாட்டில் உடைந்தது ஏப்ரலில். மே தினத்தை ஒட்டி ஊர்வலம் போன இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதும் அதற்கு முன்னால்தான்.

இரவில் பிடித்துக்கொண்டு போவார்கள், காலையில் உடல் தெருவோரம் கிடக்கும், மேலே அட்டையில் "நான் புரட்சியின் எதிரி" என்கிற மாதிரி ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் உண்டு. உடலைக் கேட்டு வந்த பெற்றோரிடம் சுட்ட குண்டுக்குக் காசு வாங்கினார்கள். கட்டினால்தான் பிள்ளை கையில் வரும். துக்கம் விசாரிக்கக்கூட ஆள் வரப் பயப்படுவார்கள்.

மெய்சோன் என்று இன்னொரு இடதுசாரிக் கட்சி. "உள்ளே இருந்து திருத்துவோம்" என்று டெர்க்கோடு சேர்ந்து, வேட்டைக்கு வாதமும் வார்த்தையும் எடுத்துக்கொடுத்தவர்கள். அதே வருஷம் ஆகஸ்டில் அவர்களே தலைமறைவாக ஓடினார்கள், வேட்டை அவர்கள் பக்கம் திரும்பியது. நவம்பரில் டெர்க்கின் இரண்டாமிடத்தில் இருந்த அத்னாஃபு அபாதேயும் காலி.

1991 மே மாதம் கிளர்ச்சிப் படைகள் நெருங்கியதும் மெங்கிஸ்து ஜிம்பாப்வேக்குப் பறந்துவிட்டார். மறுவருஷம் அரண்மனை வளாகத்தில் தரையைத் தோண்டி ஹெய்லி செலாசியின் எலும்பை எடுத்தார்கள். வழக்கு நடந்தபோது சாட்சிகளைவிடக் காகிதங்கள்தான் அதிகம் பேசின: கையெழுத்தோடும் முத்திரையோடும் பத்திரமாக ஃபைலில் இருந்த கொலை உத்தரவுகள். பாட்டில் உடைத்த அதே சதுக்கத்தின் ஓரத்தில் இப்போது ஒரு நினைவு அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிகளில் மண்டையோடுகளும் துணிமணிகளும், சுவர் முழுக்கச் சின்னப் பையன்களின் போட்டோக்களும்.

2006 டிசம்பரில் இனப்படுகொலைக் குற்றவாளி என்று மெங்கிஸ்துவுக்கு, அவர் இல்லாமலே, தீர்ப்பு வந்தது. பேப்பரில் ஒரு ஓரத்தில் போட்டிருந்தார்கள். நான்தான் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எங்க கெபெலேல லிஸ்ட் எழுதுனவனுக்கு ஏதாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

இல்லை, அந்தச் செய்தியில் இல்லை. அப்புறம் தேடிப் பார்த்தேன். மொத்தம் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் மேல் வழக்கு இருந்தது, கீழ்மட்ட ஆட்களும் அதில் உண்டு. பேரைச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றேன். பெரியப்பாவுக்குப் பேர் நன்றாக ஞாபகம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. சொல்லவில்லை. முப்பது வருஷம் கழித்து, கடல் தாண்டி, தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டும் சொல்லவில்லை.