மெடில்டாவுக்கு மட்டும் ஏன் திமிர்னு பேரு?

இங்கிலாந்த ஆண்ட நார்மன் ராஜாக்கள் கதைல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு, இன்னைக்கு கொட்டிடறேன். முதலாம் ஹென்றி ராஜாவோட மக மெடில்டா ஏன் இங்கிலாந்து ராணி ஆகலன்னு கேட்டா, பாதிப்பேர் சொல்ற பதில் ஒண்ணுதான், திமிர் புடிச்சவ, அதான் லண்டன்காரங்க தொரத்திட்டாங்கன்னு.

1120ல ஒயிட் ஷிப்ங்கற கப்பல் பாறைல மோதி முழுகினப்ப முதலாம் ஹென்றியோட ஒரே வாரிசுப் பையன் போயிட்டான் (கல்யாணத்துக்கு வெளிய பொறந்த புள்ளைங்க இருவதுக்கு மேல, அது தனிக்கதை). மெடில்டாவோட அத்தை மகன் ஸ்டீஃபன் அதே கப்பல்ல ஏறி, வயித்தால போகுதுன்னு எறங்கிட்டானாம்! 1127ல மெடில்டாதான் அடுத்த வாரிசுன்னு பிரபுக்கள் எல்லாரும் சத்தியம் பண்ணாங்க, யார் முதல்ல பண்றதுன்னு போட்டி போட்டு பண்ணவன் இந்த ஸ்டீஃபன். 1135 டிசம்பர் 1 ஹென்றி செத்தாரு, 22ஆம் தேதி ஸ்டீஃபன் தலைல கிரீடம். அந்தம்மா அப்போ கர்ப்பிணியா கடலுக்கு அந்தப்பக்கம். சத்தியத்த மீறினவனுக்கு பேரு என்ன தெரியுமா, நல்ல மனுஷன், இளகின மனசுக்காரன்.

1141ல லிங்கன்ங்கற ஊர்ல நடந்த சண்டைல ஸ்டீஃபன் மெடில்டா படைகிட்ட மாட்டினான், மெடில்டா லண்டன் வந்தா. வந்ததும் காசு கேட்டா, இப்பத்தான் ஸ்டீஃபனுக்கு காசு அழுதோம்னு ஊர்க்காரங்க கெஞ்சினதுக்கு எரிஞ்சு விழுந்தா. அது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஊர் மணி அடிச்சு கூட்டம் கெளம்பினப்ப சாப்பிட உக்காரப்போனவ அப்படியே குதிரை ஏறி ஓடவேண்டியதாப்போச்சு.

ஆனா அதே நேரம் ஆத்துக்கு அந்தக்கரைல படையோட வந்து ஊரைச் சுத்தி கொளுத்திட்டு இருந்தது யாரு? ஸ்டீஃபனோட பொண்டாட்டி, அவ பேரும் மெடில்டாதான், இவளுக்கு சித்தி மக வேற. அவள மட்டும் ஆம்பள நெஞ்சுரம் உள்ளவன்னு புகழ்ந்து எழுதி வச்சிருக்காங்க. ஏன்னா அவ சண்டை போட்டது புருஷனுக்கு, இவ போட்டது தனக்கு. அவ்ளோதான் வித்தியாசம், வேற ஒண்ணும் எனக்கு தெரியல.

கிட்டத்தட்ட பத்தொம்பது வருஷம் இழுத்து, 1154ல மெடில்டா மகன் ரெண்டாம் ஹென்றி ராஜா ஆனான். அவ கல்லறைல எழுதினது இதான்: ஹென்றியோட மக, ஹென்றியோட மனைவி, ஹென்றியோட தாய். அப்பா, மொத புருஷன், புள்ளை மூணு பேரும் ஹென்றி. பிரான்ஸ் பக்கம் இருக்கற நார்மண்டிய சண்டை போட்டு புடிச்சுக் கொடுத்த ரெண்டாவது புருஷன் ஜெஃப்ரி பேரக்கூட காணோம், பாவம்.