சொந்த மைக்ரோமீற்றர் என்றால் கணக்கில் வராதா?

எங்கட பட்டறையில் கடைந்து கொடுத்த ஒரு பம்ப் ஷாஃப்ட் நேற்று த்ரீவீலரில் திரும்பி வந்தது. பேரிங் உட்காரும் இடம் 45 மில்லிமீற்றர், கே6 ஃபிட், அதாவது பேரிங் இறுக்கமாக உட்காருகிற அளவு. 45.002க்குக் குறையக் கூடாது, 45.018ஐத் தாண்டக் கூடாது. பேரிங் உள்வளையம் வழுக்கிச் சுற்றி அந்த இடமே நீலம் பாரித்துக் கிடக்கிறது. தேயாத ஓரத்தில் அளந்தேன்: 44.98.

எங்கட ஜொப் கார்டில் 45.01 என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறது. பொய் இல்லை. லேத்தில் வேலை செய்கிற பாஸுடைய (முதலாளி இல்லை, தொழிலாளி) மைக்ரோமீற்றர், விட்டத்தை நுணுக்கமாக அளக்கிற கருவி, அப்படித்தான் காட்டியிருக்கிறது. சரி பார்க்கிற 25 மில்லிமீற்றர் செட்டிங் ரொட்டை அதில் வைத்துப் பார்த்தேன், பூச்சியத்தைத் தாண்டி மூன்று கோடு. 0.03 மில்லிமீற்றர் கூடக் காட்டுகிறது!

அந்த மைக்ரோமீற்றர் எங்கட அளவுக் கருவி ரெஜிஸ்டரிலேயே இல்லை. அது அவருடைய சொந்தச் சாமானாம். கட்டாரில் வேலை செய்த காலத்தில் சம்பளக் காசில் வாங்கினது. எண்ணெய்த் துணி சுற்றி பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார். விரல் படுகிற இடத்தில் பெயின்ட் போய் வெறும் இரும்பு தெரிகிறது. ஞாயிறுகளில் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் பிஸ்டனை அளக்கவும் அதுதான். விழுந்தாலும் யாரிடம் சொல்லப் போகிறார்? சொல்லச் சொல்லி நாங்கள் எப்போதாவது கேட்டோமா?

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று லெப்பில் பார்க்க, அதாவது கலிபரேஷன் செய்ய, காசு கேட்டு முதலாளியிடம் போனால், "அது அவர்ட சாமான்தானே, நாங்க ஏன் கலிபரேஷன் காசு கட்டணும்?" என்கிறார். அளந்தது யாருடைய வேலையை? பில் போட்டுக் காசு வாங்கினது யார்? புறக்கோட்டையில் வெங்காயம் நிறுக்கிற தராசுக்கே வருஷா வருஷம் முத்திரை குத்த வேண்டும். கிராண்ட்பாஸில் நாலு லேத் ஓட்டுகிற எங்களுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாமா? சுவரில் ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது. அளக்கிற கருவி யார் காசில் வாங்கினது என்று அது பார்ப்பதில்லை. ஒரு கருவி பிழை என்று தெரிந்தால், முன்னம் அதால் அளந்த வேலைகள் சரியா என்று தேடத்தான் சொல்கிறது. எப்படித் தேடுவது? கார்டில் எந்தக் கருவி என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. ராத்திரி எட்டு மணி வரை கார்டுக் கட்டோடு குந்தியிருந்தேன். ஓடிட் நாளில் மட்டும் சொந்தச் சாமானையெல்லாம் லொக்கரில் வைத்துப் பூட்டச் சொல்கிறீர்களே, அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல!

பாஸ்மாரில் எனக்குக் கோபம் இல்லை. கம்பனி வாங்கித் தராததால்தான் அவர்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள். மைக்ரோமீற்றரில் அடையாள நம்பர் வெட்டப் போனபோது அந்த பாஸ், "தம்பி, என்ட சாமான்ல கீறாத" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. கீறவே தேவையில்லை, கருவியைச் செய்தவன் போட்ட சீரியல் நம்பர் ஃபிரேமிலேயே இருக்கிறது. அதை ரெஜிஸ்டரில் எழுதுங்கள், கார்டிலும் எழுதுங்கள், லெப் காசைக் கட்டுங்கள். நம்பர் எழுதி ஒட்டுகிற ஸ்டிக்கரை நம்பாதீர்கள், கூலன்ட் பட்டால் ஒரு கிழமையில் உரிந்துவிடும்.

இன்று காலை டின்னைக் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் தந்தார். "எப்ப திரும்பி வரும் தம்பி? அதுவரைக்கும் நான் எதால அளக்கிறது?"

கம்பனியிடம் இருப்பது 25 முதல் 50 மில்லிமீற்றர் வரை அளக்கிற ஒரேயொரு மைக்ரோமீற்றர். அது அடுத்த லேத்தில் இருக்கிறது.